குதிரைப் போட்டியிலும் குளக்கரையிலும் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் குதிரையேற்றப் போட்டிகளைப் படம் எடுக்கிறேன். போட்டி இல்லாத காலைகளில், நடந்துபோகும் தூரத்தில் உள்ள குளம், புதர், வயல் ஓரம் என்று சுற்றுகிறேன். இரண்டையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு எதில் அதிகம் அடிபட்டதோ அதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

இரண்டும் வேறு வேறு வேலை ஆயிற்றே, ஏன் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

போட்டியில் எல்லாம் அட்டவணைப்படி நடக்கும். எந்தக் குதிரை எப்போது வரும், எந்தத் தடையை எந்தப் பக்கத்திலிருந்து தாண்டும் என்பது வரை முன்கூட்டியே தெரிந்துவிடும். அதுவும் ஒரே தடையை முப்பது குதிரைகள் தாண்டும். முதல் குதிரையில் விட்டதை ஏழாவது குதிரையில் பிடித்துவிடலாம். குளக்கரையில் இந்தச் சலுகை கிடையாது. மீன்கொத்தி ஒருமுறை பாயும், அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. அதனால் விரலைப் பழக்குவதற்குப் போட்டி மைதானத்தைவிட நல்ல இடம் இல்லை.

குளக்கரையில் கற்றது போட்டியிலும் உதவுகிறது. குதிரை எவ்வளவு பழகினாலும், வேட்டையாடும் விலங்குகளிடம் தப்பித் தப்பிப் பிழைத்த இனம். காது, கழுத்து, தோலில் ஓடும் சிலிர்ப்பு என்று அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பேச்சைக் கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவை குளக்கரைப் பறவைகள்.

எந்த லென்ஸ் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம். தூரத்தை 36 ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும் என்று தெரிந்துவிடும்.

டிரெஸ்ஸாஜ் (குதிரை விதிக்கப்பட்ட அசைவுகளைச் செய்துகாட்டும் போட்டி) மைதானம் 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்டது. 200 மி.மீ. லென்ஸோடு ஒரு முனையில் நின்றால், மறுமுனையில் 10.8 மீட்டர் அகலம் படத்தில் விழும். குதிரையோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர். படத்தில் கால்வாசிகூட நிறையாது, மிச்சமெல்லாம் மணல். அதே குதிரை 20 மீட்டர் தூரத்துக்கு வரும்போது 3.6 மீட்டர் அகலம்தான் அடங்கும். கச்சிதம். ஆக, 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் கையில் இருந்தால் தூரத்துக் குதிரையை விட்டுவிடுங்கள். அது சுற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வரத்தான் போகிறது.

பறவைக்கு அதே கணக்கைப் போடுங்கள். சிட்டுக்குருவி அளவுள்ள 15 செ.மீ. பறவை, 600 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரம். 60 செ.மீ. அகலம் தெரியும், பறவை அதில் கால்வாசி. 5 மீட்டருக்கு நெருங்கிவிட்டால் பாதிப் படத்தை நிறைத்துவிடும். பெரிய லென்ஸுக்குக் கொட்டும் பணத்தில் கிடைக்காதது ஐந்து மீட்டர் நெருங்குவதில் கிடைக்கிறது. கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு லாபம்: 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. போல நடந்துகொள்ளும்.

முதல் லென்ஸை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். கை சொல்லும்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

தாண்டும் குதிரைக்கு 1/1000 நொடியில் ஆரம்பியுங்கள். தடை தாண்டும் போட்டியில் குதிரை நிமிடத்துக்கு 350 மீட்டர், அதாவது நொடிக்கு 6 மீட்டர் அளவில் போகும். 1/1000 நொடியில் உடம்பு 6 மி.மீ. நகரும். குளம்பு அதைவிட வேகமாக நகர்வதால் கொஞ்சம் மசமசவென்று வரலாம், அது பரவாயில்லை. மண் துகள் பறப்பதும் தெளிவாக வேண்டுமென்றால் 1/2000. நடந்துவரும் குதிரைக்கு 1/250, டிராட்டுக்கு (நடையைவிட வேகமான துள்ளல் ஓட்டம்) 1/500 போதும்.

கொக்கு, நாரை போன்ற பெரிய பறவைகள் பறக்கும்போது 1/1600. சின்னப் பறவைகளுக்கு 1/2500க்கு மேல். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு எதற்கு அவ்வளவு? 1/250 வைத்து ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) குறையுங்கள். ஆனால் அது குனிந்து எச்சமிட்டால் உடனே வேகத்தை ஏற்றுங்கள். நாரையும் பருந்தும் பறப்பதற்குச் சற்று முன் இதைச் செய்வது வழக்கம். அழகான அறிகுறி இல்லைதான், ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

தடை தாண்டும்போது எப்போதும் தாமதமாகவே அழுத்துகிறேன். ஏன்?

பார்த்த பிறகு அழுத்துகிறீர்கள், அதனால். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் இறங்குவதற்குக் கால் நொடி போய்விடும். அதற்குள் குதிரை ஒன்றரை மீட்டர் தாண்டியிருக்கும். பர்ஸ்ட் (விரலை எடுக்காமல் தொடர்ந்து படம் எடுப்பது) வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நொடிக்கு 10 படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவே குதிரை 60 செ.மீ. நகர்கிறது. முன்னங்கால் மடங்கி, கழுத்து வளைந்து, முதுகு வில்லாகும் உச்சம் அந்த 60 செ.மீ.க்குள் ஒளிந்துகொள்ளும். எனக்கு எத்தனை தடவை ஒளிந்திருக்கிறது!

தாளத்தை எண்ணுவதுதான் வழி. டிராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டம் மூன்று தட்டு: ஒரு பின்னங்கால், அப்புறம் குறுக்கே இருக்கும் இரண்டு கால்களும் சேர்ந்து, அப்புறம் மிஞ்சிய முன்னங்கால். பிறகு ஒரு சின்ன மௌனம், நான்கு கால்களும் காற்றில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பிடிபடும். போட்டிக் குதிரையின் ஒரு கேன்டர் எட்டு, அதாவது இந்த மூன்று தட்டும் மௌனமும் சேர்ந்த ஒரு தாவல், ஏறத்தாழ 3.6 மீட்டர். தடைகளுக்கு இடையே எத்தனை எட்டு என்று அளந்துதான் பாதையையே அமைக்கிறார்கள். தடைக்கு முந்தைய மூன்று எட்டுகளை மனதுக்குள் எண்ணுங்கள். மூன்றாவது எட்டு முடிந்து முன்னங்கால்கள் தரையை விடும்போதே விரல் இறங்கிவிட வேண்டும். ஆரம்பத்தில் சீக்கிரம் அழுத்துவீர்கள், நல்லதுதான். தாமதத்தைவிட அவசரத்தைத் திருத்துவது சுலபம்.

ஆட்டோஃபோகஸ் தடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையை விடுகிறது என்றால், கம்பத்துக்கு மேலே குதிரையின் மார்பு வரப்போகும் தூரத்தில் முன்பே ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். பழைய வித்தை, இன்னமும் வேலை செய்கிறது.

எங்கே நிற்பது?

தடை தாண்டி இறங்கும் பக்கம், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் சாய்வாக, குதிரையின் முகமும் ஓட்டுபவரின் முகமும் தெரியும் இடத்தில். அதற்கு முன் பின்னணியைப் பாருங்கள். நடமாடும் கழிப்பறை, விளம்பரப் பலகை, நிறுத்தியிருக்கும் வண்டிகள், இவை இல்லாத தடை எது? அது மைதானத்திலேயே சின்னத் தடையாக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமும் தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் குருட்டுப் பகுதி. ஆகவே நீங்கள் ஓரத்தில் ஒளிந்து நிற்பதாக நினைத்தாலும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. குதிரை வரும் முன்பே உங்கள் இடத்தில் நிலையாக இருங்கள். அது தடையை நோக்கி வரும்போது எழுவது, குடையை விரிப்பது, பிளாஸ்டிக் பையைத் திறப்பது எதுவும் கூடாது. நடுவர் கண்டிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை, மேலே உட்கார்ந்திருப்பவர் விழுந்துவிடுவார்.

டிராட் படங்கள் ஏன் இவ்வளவு அசிங்கமாக வருகின்றன?

டிராட் இரண்டு தட்டு. குறுக்கே குறுக்கே இருக்கும் கால்கள் ஜோடியாக இறங்கும், இரண்டு தட்டுக்கும் நடுவே குதிரை காற்றில் மிதக்கும். கால்கள் ஒன்றையொன்று கடக்கும் நொடியில் எடுத்தால் குதிரைக்கு மூன்று கால் மாதிரித் தெரியும். உங்கள் பக்கத்து முன்னங்கால் முழுக்க முன்னே நீளும்போது எடுங்கள். கேன்டரில் முன்பாகம் எழும்பும்போது எடுத்தால் கம்பீரம், தலைப்பக்கம் தரையை நோக்கி இறங்கும்போது எடுத்தால் தடுக்கி விழப்போவது போல இருக்கும். குதிரை அதேதான், நொடிதான் வேறு.

இது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். உலகத்துக்கே தெரியாமல்தான் இருந்தது. ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தய ஓவியத்தில், குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டியபடி காற்றில் பறக்கும். பாய்ச்சல் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நம்பினார்கள். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடுபாதை ஓரம் வரிசையாகக் கேமராக்களை வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரையே நூலை இழுத்துத் தன் படத்தை எடுக்கும்படி செய்தார். நான்கு கால்களும் காற்றில் இருக்கும் நொடி உண்மைதான் என்று தெரிந்தது, ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்குக் கீழே ஒடுங்கியிருந்தன.

எனக்குப் பிடித்த படம் குதிரைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏன்?

அவர்கள் வேறு படத்தைப் பார்க்கிறார்கள். என் முதல் போட்டியில் நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பயிற்சியாளரிடம் பெருமையாகக் காட்டினேன். மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார். மாலை வெயில் பிடரியில் பட்டுத் தகதகக்கும் படம் ஒன்று, என் உயிர். அதில் குதிரையின் காதுகள் பின்னால் படிந்திருந்தன, வாய் திறந்திருந்தது. "இது வலியில் இருக்கிறது, இதைப் போய் எப்படிச் சுவரில் மாட்டுவது?" என்றார்.

அன்றிலிருந்து வரிசை இதுதான்: முதலில் காது, முன்னே நிமிர்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவரைக் கவனித்து நிதானமாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பிறகு வாய், கால், ஓட்டுபவரின் குதிகாலும் கையும். வெளிச்சம் கடைசியில். உங்கள் படங்களை ஒரே ஒரு முறை ஒரு குதிரைக்காரரிடம் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். பத்து வகுப்புக்குச் சமம்.

உள்ளரங்கத்தில் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது இருட்டு. கேமரா பழுதா?

இல்லை, விளக்குகள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000 நொடி ஷட்டருக்குத் தெரியும். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள், பிரகாசமான கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். வண்ணச் சமநிலையைத் தானாக விடாமல், சாம்பல் அட்டை ஒன்றை அந்த வெளிச்சத்தில் எடுத்து அமைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 6400 போகும், போகட்டும். நொய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) உள்ள கூர்மையான படத்தை யாராவது வாங்குவார்கள், சுத்தமான மங்கல் படத்தை யாரும் கேட்பதில்லை.

அப்படியென்றால் ஃபிளாஷ்?

கூடாது. குதிரைக்கும் கூடாது, இரவில் ஆந்தைக்கும் கூடாது.

வெள்ளைக் குதிரை வெளிறிப் போகிறது, கறுப்புக் குதிரை சாம்பலாகிறது. என்ன செய்வது?

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படத்தை எது நிறைக்கிறது என்பதுதான் கேள்வி. கறுப்புக் குதிரை படம் முழுக்க நிறைந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவு (வெளிச்சத்தில் பாதி) குறைக்க வேண்டும். அதே குதிரை பளபளக்கும் வெள்ளை மணலில் சின்னதாகத் தெரிந்தால் கூட்ட வேண்டும். வெண்கொக்கு இருண்ட தண்ணீருக்கு முன்னால் நிற்கும்போது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைக்காவிட்டால் இறகின் விவரம் மொத்தமும் போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிச்சம் மாறாத நாளில் எல்லாவற்றையும் மேனுவலில் வைத்துவிட்டு மறந்துவிடலாம், நான் பெரும்பாலும் அப்படித்தான்.

இடையில் ஒன்று: நாம் வெள்ளை என்று சொல்லும் குதிரைகளில் பெரும்பாலானவற்றைக் குதிரைக்காரர்கள் 'கிரே' என்பார்கள். பிறக்கும்போது அடர்நிறம், வயதாக ஆக வெளுக்கும். தோல் அடியில் கறுப்பாகவே இருக்கும். படத்தின் கீழே 'வெள்ளைக் குதிரை' என்று எழுதினால் யாராவது ஒருவர் கட்டாயம் திருத்த வருவார்.

எங்கள் பக்கத்தில் காட்டுயிர் என்று ஒன்றும் இல்லையே?

அணில் இருக்கிறதா? தவளை, தட்டான், ஏதாவது ஒரு கொக்கு? போதும். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போங்கள். முதல் வாரம் கேமராவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. சூரியன் எங்கிருந்து வருகிறது, எந்தக் கிளையில் எச்சக் கறை அதிகம், எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மீன்கொத்தி தனக்குப் பிடித்த சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வரும். கிளை தெரிந்துவிட்டால், குதிரைக்குத் தடை மாதிரி, பறவைக்கும் ஒரு தடை கிடைத்துவிட்டது. அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம்.

காற்றையும் எழுதிவையுங்கள். பறவை கிளம்புவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான். காற்றும் சூரியனும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் காலை என்றால் பறவை உங்களை நோக்கி, வெளிச்சம் முகத்தில் விழ வரும். காற்று எதிர்ப்பக்கம் என்றால் நாள் முழுக்க வாலைத்தான் எடுப்பீர்கள். அந்த மாதிரிக் காலைகளில் நான் தட்டான் எடுக்கப் போய்விடுவேன்.

நெருங்கினாலே பறந்துவிடுகிறது.

நேராகப் போகிறீர்கள், கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு. வேட்டையாடும் விலங்கு அப்படித்தான் வரும். சாய்வாக, வேறு எங்கோ போவது போல, பத்து அடிக்கு ஒருமுறை நின்று உட்கார்ந்து போங்கள். பறவை இரை தேடுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள், மறுபடி இரை தேட ஆரம்பித்தால் தொடரலாம், இல்லையென்றால் இரண்டு அடி பின்வாங்குங்கள். பச்சை உடையெல்லாம் இரண்டாம்பட்சம். அசைவும் நிமிர்ந்த மனித உருவமும்தான் அவற்றைப் பயமுறுத்துகின்றன. காருக்குள் இருந்தபடி, ஜன்னலில் அரிசிப்பை மாதிரி ஒரு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுத்தால் பல பறவைகள் கண்டுகொள்வதே இல்லை.

நெருங்கிய பிறகு தாழ்ந்து எடுங்கள். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரம் போய் மெத்தென்று கரையும். சட்டை அழுக்காகும்.

கூட்டைப் படம் எடுக்கலாமா? இரை வைத்து வரவழைக்கலாமா?

கூட்டை விட்டுவிடுங்கள். மறைக்கிறது என்று ஒரு கிளையை ஒதுக்கினால், உங்களுக்குத் திறந்த அந்த ஜன்னல் காகத்துக்கும் திறந்ததுதான். தாய்ப்பறவை விலகி நிற்கும் நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகலாம், வெயிலில் வெந்தும் போகலாம். ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் எனக்குச் சம்மதம் இல்லை. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது.

ஏமாற்றிப் பெற்ற படம் நிலைப்பதும் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் வேலி தாண்டும் ஓநாய் முதல் பரிசு வாங்கியது. பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கலாம் என்று முடிவு செய்து 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படம், பாடம் செய்த உடலை வைத்து எடுத்தது என்ற முடிவில் 2018இல் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவரும் மறுத்தார்கள்.

அரிய உயிரினம் என்றால், படத்தைப் பகிரும் முன் அதில் பதிந்திருக்கும் இட விவரத்தை அழித்துவிடுங்கள். கைபேசிப் படங்களில் இது தானாகவே பதிந்திருக்கும்.

சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) நல்லதுதானே?

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அருமை. வேகமான அசைவுக்குக் கவனம். பல கேமராக்கள் சென்சாரை வரி வரியாகப் படிப்பதால், கேமராவை வேகமாகத் திருப்பும்போது தடையின் தூண்கள் சாயும், சிறகு வளையும். உங்கள் கேமரா எப்படி என்று ஒரு மின்விசிறியை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேனிங் (ஓடும் குதிரையோடு கேமராவையும் திருப்பி, பின்னணியைக் கோடாக இழுப்பது) எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

யாருக்கும் சுலபமாக வராது. 1/60இல் ஆரம்பித்து 1/30 வரை இறங்குங்கள். குதிரை உங்களுக்குப் பக்கவாட்டில் ஓட வேண்டும், இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், அழுத்திய பிறகும் கை நிற்கக் கூடாது. ஐம்பதில் இரண்டு தேறினால் நல்ல நாள்.

போட்டியில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா, விற்கலாமா?

அமைப்பாளரிடம் முதலில் கேளுங்கள். பல போட்டிகளில் விற்கும் உரிமை அதிகாரப்பூர்வப் படக்காரருக்கு மட்டும் இருக்கும். நீங்கள் இலவசமாக அள்ளிக் கொடுத்தாலும் அவர் பிழைப்பில்தான் கை வைக்கிறீர்கள். சிறுவர்கள் ஓட்டும் போட்டியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

யாராவது விழுந்தால்? என் விரல் பழக்கத்தில் அழுத்திவிடும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் வெளியே போகாது. விழுந்தவர் பிறகு தானாகக் கேட்டால் கொடுப்பேன். சிலர் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள், எங்கே தவறியது என்று பார்க்க.

ஒரே நாளில் மூவாயிரம் படம். எப்படிக் கழிப்பது?

அன்றிரவே உட்காராதீர்கள், எல்லாமே நன்றாக இருப்பது போலத் தெரியும். மறுநாள் முதல் சுற்றில் கண் கூர்மையாக இல்லாதவற்றை நீக்குங்கள். இரண்டாம் சுற்றில் காது. மூன்றாவதில் கால். ஒரு குதிரைக்கு மூன்று படம் மிஞ்சினால் போதும். கொக்குப் படங்களில் எனக்கு இந்த ஒழுங்கு வருவதில்லை. ஒரே கொக்கின் நூற்றுப் பதினான்கு படங்கள் இன்னும் வட்டில் கிடக்கின்றன.